வேதாளம் விடுத்த வினா: தொடர்ந்து வரும் மாயக்கதைகளும் அவற்றைப் பயின்றோரும்

அச்சந் தரும் பொருளைக் கண்டு மனிதன் விலகி ஓடுகின்றான். அச்சந் தரும் கதையையோ தேடிச் சென்று கேட்கின்றான். அக்கதை இடையிலே நின்று, எஞ்சியது பின்னர்க் கூறப்படும் என்று அறிவிக்கப்படின், எஞ்சியதை அறியுமளவும் அவன் உள்ளம் அமைதி பெறுவதில்லை. பேய், பூதம், வேதாளம், மாந்திரிகன், சாபம் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்டு பகுதி பகுதியாக வெளிவரும் கதைகளையும் சித்திரக்கதைகளையும் இன்று உலகெங்கணும் எண்ணிறந்தோர் வாசித்து வருகின்றனர். இவ்வழக்கம் அச்சியந்திரத்தோடு பிறந்ததென்றும், அண்மைக் காலத்தில் யப்பானிலிருந்து வந்து சேர்ந்ததென்றும் கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாதென்பதும், தமிழ் மக்களிடையே, சிறப்பாகத் திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த நாட்டிலே, இதற்குத் தொன்மையான வேர்கள் உள என்பதும் பின்வருவனவற்றால் விளங்கும்.

சுடுகாட்டுக் காட்சிகள்

தமிழிலக்கியத்தில் அச்சம் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்று. அச்சம் பிறத்தற்குரிய நிலைக்களன்களைக் கூறப்புகுந்த தொல்காப்பியனார் அணங்கை முதலில் வைத்தார். விலங்கும் கள்வரும் வேந்தனும் அதன் பின்னரே வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் பகையினும் தெரியாத ஆற்றலே பெரிதும் நடுங்கச் செய்யும் என்பதனை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

காரைக்காலம்மையார் தம்மைப் பேயென்றே கூறிக்கொண்டு, திருவாலங்காட்டுச் சுடலையையும் ஆங்குத் திரியும் பேய்களையும் பாடினார். அங்கே எரியும் பிணமும் பசித்த பேயும் இறைவன் ஆடும் அரங்கின் உறுப்புக்களாகின்றன. சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியிலோ பேய்களே கதை கேட்போராக அமைந்துள்ளன. பசியால் வாடிய பேய்க் கூட்டம் காளியைச் சூழ்ந்திருக்க, இமயத்திலிருந்து வந்த முதுபேய் இந்திரசாலம் காட்டுகின்றது. பின்னர்க் களத்திலே கூழ் அடப்படுகின்றது. நகையும் அச்சமும் ஒருங்கே நிற்கும் இவ்வமைப்பு, பிற்காலத்து மாயக்கதைகள் பலவற்றிலும் காணப்படுவது.

இவையனைத்தினும் கதைப் பண்பு மிக்கது மணிமேகலையிலுள்ள சார்ங்கலன் வரலாறாகும். சார்ங்கலன் என்னும் சிறுவன் புகார் நகரத்துச் சுடுகாட்டை ஊரென்று எண்ணித் தனியே உள்ளே புகுந்தான். ஆங்கு ஒரு பேய் இளம்பெண் ஒருத்தியின் தலையைக் கையிலேந்தி மகிழ்ந்து ஆடக் கண்டு, நடுங்கி ஓடி வந்து, தன் தாயாகிய கோதமையிடம் தன் உயிரைப் பேய்க்குக் கொடுத்தேன் என்று சொல்லி வீழ்ந்து இறந்தான். கண்ணிழந்த கணவனையுடைய அம்முதியவள், தானும் கண்ணிழந்தவளாய், மகன் உடலைத் தாங்கிச் சுடுகாட்டு வாயிலிலே நின்று சம்பாபதித் தெய்வத்தை அழைத்து முறையிட்டாள். தன் உயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு வேண்டினாள். போன உயிரை மீட்டல் எத்தேவராலும் இயலாதென்று தெய்வம் விடையிறுத்தது. சிறுவனைக் கொன்ற பேய் சில அடிகளிலே மறைந்துவிடுகின்றது; தாயின் வினாவே நீண்டு நிற்கின்றது. பேய்க்கதை தன் பயனை அடைவது பேயினால் அன்று, பேயினால் எழும் வினாவினால் என்பதற்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

முருங்கையும் வேதாளமும்

குணாட்டியர் என்பவர் பைசாச மொழியிலே பிருகத்கதை என்னும் பெருநூலை இயற்றினார் என்பது வழிவழி வந்த செய்தி. அந்நூலை மன்னன் ஏற்க மறுத்தமையால், அவர் காட்டில் தீமூட்டி, ஒவ்வோர் ஏடாக விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் படித்துக் காட்டிய பின் எரியில் இட்டனராம். விலங்குகள் உணவையும் மறந்து கண்ணீர் சொரிந்து கேட்டன. மன்னன் உண்மையறிந்து விரைந்து வந்தபொழுது ஏழு நூறாயிரம் சுலோகங்களுள் ஆறு நூறாயிரம் சாம்பலாயின. ஒரு நூறாயிரமே எஞ்சிற்று. பேய்களின் மொழியெனப்பட்ட மொழியில் எழுந்த அம்மூல நூல் இன்று கிடைத்திலது. அதன் வழிவந்ததாகிய கொங்குவேளிர் பெருங்கதையை 1924ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தபொழுது, அதற்கும் முதலும் முடிவும் கிடைக்கவில்லை. கதை கேட்போன் தொடக்கத்தையும் முடிவையும் இழந்து நிற்கும் நிலை தமிழுக்குப் புதிதன்று.

பதினொன்றாம் நூற்றாண்டிலே காசுமீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தில் வேதாளக்கதை இருபத்தைந்தும் இடம்பெற்றுள்ளன. அவற்றின் தமிழ் வடிவத்தைப் பெஞ்சமின் கை பாபிங்டன் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அது 1831இல் இலண்டனிலே வெளிவந்தது. மூலத்திலே பிணம் தொங்கியது சிஞ்சுபா மரத்தில். தமிழர் அதனைத் தம் கொல்லைப்புறத்து முருங்கைக்கு மாற்றிக்கொண்டனர். வேதாளம் மறுபடியும் முருங்கைமரம் ஏறிற்று என்னும் பழமொழி, அக்கதையை வாசியாதவர் நாவிலும் வழங்குவது.

இக்கதையின் அமைப்பு நுணுகி நோக்கற்பாலது. துறவி வேடத்தான் ஒருவன் வேண்டியபடி, மன்னன் நள்ளிரவில் சுடுகாடு சென்று மரத்திலிருந்து பிணத்தை இறக்கித் தோளிற் சுமக்கின்றான். அப்பிணத்துட் புகுந்த வேதாளம் வழியிலே ஒரு கதை சொல்லி, முடிவில் நீதி பற்றிய வினாவொன்றை எழுப்புகின்றது. விடை தெரிந்தும் வாய் திறவானாயின் அவன் தலை வெடிக்கும். வாய் திறப்பானாயின் மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கு மீளும். எனவே மன்னனுடைய அறிவே அவனுடைய முயற்சியைக் கெடுக்கின்றது. ஒவ்வொரு கதையும் தன்னளவில் முற்றுப்பெறினும், பெருங்கதை முற்றுப்பெறாமலே நீள்கின்றது. இருபத்துநான்காம் கதையிலே உறவுமுறை பற்றிய சிக்கலொன்றுக்கு விடை காணமாட்டாது மன்னன் உண்மையாகவே வாய்மூடி நின்றபொழுதுதான் வேதாளம் அவனுக்கு நட்பாகித் துறவியின் வஞ்சகத்தை வெளிப்படுத்துகின்றது. விடை எல்லாம் அறிந்தோனுக்கன்றி, அறியேன் என்று நின்றோனுக்கே உயிர் தப்பும் வழி புலப்பட்டது என்பதனை உய்த்துணர்க. தொடர்கதை எழுதுவோர் இன்றும் கையாளும் உத்திகள் அனைத்தும், அதாவது மாறாத சட்டகம், மாறும் கதை, நிற்கும் வினா, தள்ளிப்போகும் முடிவு என்பன, இங்கே முழுமையாக அமைந்துள்ளன.

கேட்டல் வழிவந்த தொடர்க்கதை

நூலைத் தனியே இருந்து வாசித்தல் பிற்காலத்து வழக்கம். ஈழத்துச் சைவ மக்கள் கதையைத் தொடர்ந்து பயின்றது கோயில் மண்டபத்திலாகும். புராணபடனம் எனப்படும் அவ்வழக்கிலே ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். கச்சியப்ப சிவாசாரியரின் கந்தபுராணம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுள்களைக் கொண்டது, ஓரிரவில் முடிவதன்று. தாரகன் மாயையினால் கிரௌஞ்சம் என்னும் மலை வழியடைத்து நிற்பதும், சூரபன்மன் கடல் நடுவே மாமரமாகி நிற்பதும், வேலால் இரு கூறாகிச் சேவலும் மயிலுமாதலும் நாட்கணக்காகக் காத்திருந்து கேட்கப்பட்டவை. கேட்போர் எல்லார்க்கும் முடிவு முன்னரே தெரியும். தெரிந்திருந்தும் மறுநாள் வந்து அமர்ந்தனர். தொடர்கதையின் இன்பம் முடிவை அறியாமையில் மட்டும் தங்கியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

பிள்ளையார் பெருங்கதை விரத நாள்களில் இருபத்தொரு நாளும் பிள்ளையார் கதை படிக்கப்படும். கிழக்கிலங்கைக் கண்ணகையம்மன் கோயில்களிலே வைகாசிச் சடங்கின்பொழுது கண்ணகி வழக்குரை பகுதி பகுதியாகப் படிக்கப்பட்டுக் குளிர்த்தியோடு நிறைவெய்தும். மதுரையை எரித்த சினம் தணிந்தாலன்றி ஊருக்கு மழையும் நோயின்மையும் இல்லையென்பது மக்கள் நம்பிக்கை. இங்கே கதையை இடையில் நிறுத்துதல் சுவைக்கேடு மட்டுமன்று, ஊருக்குத் தீங்குமாகும். கதையின் முடிவுக்கு ஒரு சமூகம் இத்துணை மதிப்பு அளித்தமை வேறெங்கும் அரிதாகக் காணப்படுவது.

திருக்கோணமலையின் நிலமும் இத்தகைய கதைகளைத் தாங்கி நிற்பது. கோணேசர் மலையின் பிளவு இராவணன் வெட்டு எனப்படும். கன்னியாவில் அருகருகே அமைந்து வெவ்வேறு வெப்பமுடைய ஏழு வெந்நீர்க் கிணறுகள், தாய்க்கு ஈமக்கடன் செய்யப்புகுந்த இராவணனோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. 1624இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்தான். புதைக்கப்பட்ட திருவுருவங்கள் சில 1950இல் நிலத்திலிருந்து வெளிப்பட்டன. 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. மூன்று நூற்றாண்டு இடைவெளியின் பின் மீண்டும் தொடங்கிய கதையாகவே அவ்வூர் மக்கள் இதனைக் கருதினர். அங்ஙனம் கருதியதில் வியப்பில்லை.

1891உம் 1895உம்

இத்துறைமுக நகரம் தமிழ் உரைநடைக் கதை வரலாற்றிலும் சிறப்பிடம் பெற்றது. ஈழத்துத் தமிழ் நாவல்களுள் முதலாவதாகக் கருதப்படுவது சித்திலெப்பை இயற்றி 1885இல் வெளிவந்த அசன்பேயுடைய கதை. அதனை அடுத்து 1891இல் வெளிவந்தது திருக்கோணமலை இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை. நான்காண்டு கழித்து, 1895இல், அதே ஊரிற் பிறந்து சென்னையில் வாழ்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை மோகனாங்கியை வெளியிட்டார். இது நாயக்கர் காலத்தைப் பொருளாகக் கொண்டது. தமிழின் முதல் வரலாற்று நாவலெனப் போற்றப்படுவது.

ஊசோன் பாலந்தை கதைக்கு மூலம் ஐரோப்பாவில் இடைக்காலத்தில் வழங்கிய ஓர்சன், வலன்டைன் என்னும் இரட்டையர் கதையாகும். பிரெஞ்சு மொழியில் 1489இல் லியோன் நகரிலே அச்சேறிய அக்கதையில், காட்டிலே பிறந்த இரட்டையருள் ஒருவனைக் கரடி எடுத்துச் சென்று வளர்க்கின்றது. மற்றவன் அரண்மனையில் வளர்கின்றான். பறக்கும் மரக்குதிரையையுடைய குள்ள மாந்திரிகன், அரக்கன், பிறப்பின் மறையை வெளிப்படுத்தும் பித்தளைத் தலை என்பன ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உடன்பிறந்தோர் தம்முள் அறியாது பொருது பின்னர் அறிந்து தழுவுதலே அதன் உயிர்நிலை.

இலக்கிய வரலாறு எழுதினோர் இவ்விரு நூல்களையும் ஒரே தட்டில் வைத்திலர். மோகனாங்கி நாவலெனப்பட்டது, ஊசோன் பாலந்தை அற்புதக்கதை என ஒருபால் ஒதுக்கப்பட்டது. நிகழக்கூடியதைக் கூறுதலே நாவலின் இலக்கணம் எனக் கொள்ளின் அம்முடிவு முறையானதே. ஆயினும், அந்நாளைய வாசகர் நிலையிலிருந்து நோக்குவார்க்கு வேறொன்று புலனாகும். புராணபடனத்திலும் அம்மானையிலும் பழகிய செவியையுடையோர் உரைநடை நூலொன்றைக் கையிலெடுத்துத் தனியே வாசிக்கத் தலைப்பட்ட காலம் அது. அவர்களை அப்பழக்கத்துக்கு அழைத்துச் செல்லப் பழகிய மாயமே துணையாயிற்று. கரடி வளர்த்த பிள்ளையையும் பேசும் தலையையும் நம்பி ஏட்டைப் புரட்டியவனே பின்னர் நாயக்கர் அரண்மனைச் சூழ்ச்சியையும் வாசித்தான். ஒன்று மற்றொன்றுக்குப் பகையன்று.

சஞ்சிகை வழிவந்த வேதாளம்

1947ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலே அம்புலிமாமா என்னும் சிறுவர் மாத சஞ்சிகையைத் தொடங்கினர். தெலுங்கில் அது சந்தமாமா எனப் பெயர் பெற்றது. நெடுங்காலம் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றிருந்தவர் தெலுங்கு எழுத்தாளர் கொடவட்டிகண்டி குடும்பராவ். பழைய வேதாளக் கதைகள் தீர்ந்தபின்னும் சட்டகத்தை அவர்கள் விட்டிலர். பிறநாட்டுக் கதைகளும் புதியனவாகப் புனைந்தவையும் அச்சட்டகத்திலே பொருத்தப்பட்டன. மாதந்தோறும் மன்னன் மரமேறினான். மாதந்தோறும் வேதாளம் தப்பிற்று. உருவிய வாளும் தோளிற் பிணமுமாக மன்னன் சுடுகாட்டைக் கடந்து செல்லும் ஓவியத்தை வரைந்த சங்கர் 2020இல் மறைந்தார். மன்னன் முகத்தில் அச்சமில்லை. வழியிலே மண்டையோடுகளும் பாம்புகளும் கிடக்கின்றன. அவ்வோவியத்தைக் கண்டு அஞ்சிய சிறுவரும் அடுத்த மாதம் அதனையே முதலிற் புரட்டினர்.

அச்சஞ்சிகையிலே தாசரி சுப்பிரமணியம் எழுதிய தொடர்கதைகள் மாந்திரிகர், இராக்கதர், பாதாளக் கோட்டை, மாயத் தடாகம் என்பவற்றால் நிரம்பியவை. சித்ரா என்னும் ஓவியர் அவற்றுக்கு உருக்கொடுத்தார். வேதாளக்கதை மாதந்தோறும் முடிந்து மாதந்தோறும் தொடங்குவது. சுப்பிரமணியத்தின் தொடரோ ஆண்டுக்கணக்கில் நீள்வது. வாசகனுக்கு இருவகைக் காத்திருப்பும் ஒரே சஞ்சிகையிற் கிடைத்தன.

1972ஆம் ஆண்டு சிவகாசியிலே சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதலிதழ் இரும்புக்கை மாயாவி. பிரித்தானியச் சித்திரக்கதையொன்றின் தமிழாக்கமான அதிலே, ஆய்வுகூட உதவியாளன் ஒருவன் இழந்த கைக்குப் பதிலாக உருக்குக் கை பெற்று, மின்னாற்றல் உடலிற் பாய்ந்தவுடன் கை மட்டும் எஞ்ச உருமறைகின்றான். 1936இல் அமெரிக்காவிலே லீ ஃபால்க் படைத்த முகமூடி வீரன் தமிழுக்கு வந்தபொழுது வேதாளன் என்னும் பெயரைப் பெற்றான். காட்டிலே மண்டையோட்டுக் குகையில் வாழ்ந்து, தந்தை இறந்தபின் மைந்தன் அதே முகமூடியை அணிவதனால் சாவில்லாதவன் என்று எண்ணப்பட்ட அவனுக்கு, முருங்கை மரத்து வேதாளத்தின் பெயரே ஏற்றதெனத் தமிழர் துணிந்தனர். 1984இல் லயன் காமிக்ஸும், பின்னர் அதே நிறுவனத்தாரின் திகில் காமிக்ஸும் வெளிவந்தன. பின்னதன் பெயரே அதன் பொருளை அறிவிக்கும்.

இவையெல்லாம் கடல் கடந்தே ஈழத்தை அடைந்தன. ஆதலின் அரசியலும் போரும் கதையின் ஓட்டத்தை அறுத்தன. 1970இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபொழுது தென்னிந்தியப் பொழுதுபோக்குச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தது. அதனால் ஈழத்து வெளியீட்டு முயற்சிகள் வளர்ந்தன என்பதும், வீரகேசரிப் பிரசுரங்கள் அக்காலத்திலே தழைத்தன என்பதும் மறுக்கலாகா. எனினும் பாதி படித்த தொடரின் அடுத்த பகுதிக்காகக் கடைவாயிலில் நின்ற சிறுவனுக்கு அவ்விளக்கம் ஆறுதல் தந்திராது. 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே வீதிகள் அடைபட்டன, ஊர்கள் இடம்பெயர்ந்தன. இடம்பெயர்ந்தோர் எடுத்துச் சென்ற பொருள்களுள் பழைய சஞ்சிகைக் கட்டுக்கு இடமில்லை. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கரையோர வீடுகளிற் புகுந்து எஞ்சியவற்றையும் கொண்டு சென்றது. அம்புலிமாமாவும் 2013ஆம் ஆண்டளவில் நின்றுபோயிற்று. மன்னன் தோளிலிருந்த பிணம் இடுகாட்டை அடையுமுன்னரே சஞ்சிகை முடிவுற்றது.

குற்றச்சாட்டும் சட்டமும்

திகிற்கதைகள் இளையோரைக் கெடுக்கும் என்னும் அச்சம் அக்கதைகளைப் போலவே பழையது. இலண்டனில் 1845 முதல் 1847 வரை சிறுசிறு பகுதிகளாக விற்கப்பட்ட வார்னி என்னும் இரத்தக்காட்டேரிக் கதையும் அதுபோல்வனவும் காசுப் பயங்கரங்கள் என இகழப்பட்டன. அமெரிக்காவிலே திகிற் சித்திரக்கதைகள் பெருகியபொழுது, மனநோய் மருத்துவர் பிரெடரிக் வெர்தம் 1954இல் அவற்றைக் கடுமையாகத் தாக்கி நூலெழுதினார். அவ்வாண்டே வெளியீட்டாளர் தமக்குத் தாமே தணிக்கை நெறியொன்றை வகுத்துக்கொண்டனர். பிரித்தானியா 1955இலும் இந்தியா 1956இலும் இளையோர்க்குத் தீங்கு பயக்கும் வெளியீடுகளைத் தடுக்கச் சட்டமியற்றின.

இக்குற்றச்சாட்டு முற்றும் பொய்யன்று. கொடுமையைக் காட்டுவதையே நோக்காகக் கொண்டு, அதன்மேல் வினாவொன்றும் எழுப்பாத கதைகள் உள. அவை உள்ளத்தை மரக்கச் செய்யும். ஆயினும் அச்சத்தைப் பொருளாகக் கொண்டமை மட்டுமே குற்றமாயின், சார்ங்கலன் கதையையும் காரைக்காலம்மையார் பதிகத்தையும் மாணவர் கையினின்று பறித்தல் வேண்டும். தீதாவது அச்சமன்று, அச்சம் கழிந்தபின் எஞ்சுவது யாதுமின்மையே. வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் யார் செய்தது நீதி என்று வினவியது. அவ்வினாவுக்கு விடை தேடிய சிறுவன், சுடுகாட்டு வழியே சென்று அறநூலின் வாயிலை அடைந்தான்.

மற்றொரு துறைமுகம்

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. முன்னிரவே துறைமுகத்தை விட்டுச் சென்றிருந்த ஹேமிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலிலே மூழ்கடிக்கப்பட்டது. அதற்குக் காவலாகச் சென்று உடன் மூழ்கிய அவுஸ்திரேலியப் போர்க்கப்பலின் பெயர் வம்பயர், அஃதாவது இரத்தம் உறிஞ்சும் பேய். மனிதர் கப்பலுக்குப் பேயின் பெயரைச் சூட்டினர். அதனை மூழ்கடித்ததோ பேயன்று.

அப்போரின்பொழுது யப்பானியப் படையிலே சேர்க்கப்பட்ட மிசுகி சிகேரு என்னும் இளைஞர் இரபவுல் பகுதிக்கு அனுப்பப்பட்டு, குண்டுவீச்சிலே இடக்கையை இழந்தார். அவர் வளர்ந்தது சகாய்மினாதோ என்னும் துறைமுக ஊர். ஆங்கு நோன்னோன்பா எனப்பட்ட மூதாட்டி ஒருத்தி பேய், பூதங்களைப் பற்றி அவருக்குக் கூறியிருந்தாள். போரின் பின் மிசுகி ஒருகையால் வரையத் தொடங்கினார். தெருவிலே சைக்கிளில் வந்து சிறுவர்க்கு இனிப்பு விற்று, மரச்சட்டத்திலே படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கதை சொல்லி, சுவையான இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் வருவோர்க்கு அவர் படங்கள் எழுதினார். பின்னர் வாடகை நூல்களிலும், 1965 முதல் சிறுவர் வார சஞ்சிகையிலும் அவருடைய மயானத்துக் கிதாரோ வெளிவந்தது. கல்லறையிலே பிறந்து, மனிதர்க்கும் பேய்களுக்கும் இடைநின்று இருபாலார்க்கும் நீதி தேடும் ஒற்றைக்கண் சிறுவனே கிதாரோ. மிசுகி 2015இல் மறைந்தார். அவரூரில் அவர் பெயர்கொண்ட வீதியின் இருமருங்கும் அவர் வரைந்த பூதங்களின் வெண்கலச் சிலைகள் நூற்றுக்கு மேல் நிற்கின்றன. மூதாட்டியின் வாய்மொழியை ஓர் ஊர் தன் வீதியாக்கிக்கொண்டது.

இன்று இளையோர் தொடர்ந்து வாசிக்கும் யப்பானியத் தொடர்கள் அம்மரபின் வழிவந்தவை. இதோ யுன்ஜியின் உசுமாகி 1998, 1999ஆம் ஆண்டுகளிலே தொடராக வந்தது. சுருள் வடிவத்தின் சாபத்தால் ஒரு கடற்கரைச் சிற்றூர் அழிவதை அது கூறும். குருதியுண்ணும் அரக்கரை எதிர்க்கும் கிமெட்சு நோ யாய்பா 2016 முதல் 2020 வரை 205 அத்தியாயங்களாகவும், சாபங்களோடு பொரும் மாந்திரிகரைக் கூறும் ஜுஜுட்சு கைசென் 2018 முதல் 2024 வரை 271 அத்தியாயங்களாகவும் வெளிவந்து நிறைவெய்தின. முன்னதிலே அரக்கன் இறக்குந் தறுவாயில் அவன் மனிதனாயிருந்த நாளின் துயரம் கூறப்படுகின்றது. பகையென்று பொருதவனே மயிலும் சேவலுமாகி அருள் பெற்ற கதையைக் கேட்டு வளர்ந்தோர்க்கு இது அயலதாகத் தோன்றாது. கைப்பேசியிலே அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கும் மாணவன், கோயில் மண்டபத்திலே மறுநாட் படிப்புக்காகக் காத்திருந்த பாட்டனின் வழித்தோன்றலே.

எஞ்சுவது

யப்பானியர் தம் வாடகை நூல்களையும் தெருக்கதைப் படங்களையும் தேடித் தொகுத்துக் காக்கின்றனர். ஈழத்திலோ 1981ஆம் ஆண்டு யூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களோடு எரிந்தது. எரிந்தவை அரிய சுவடிகள் என்று வருந்துதல் தக்கதே. ஆனால் சித்திரக்கதையும் சிறுவர் சஞ்சிகையும் எரியாமலே அழிந்தன. பழங்கடதாசியாக விற்கப்பட்டும், சரக்குச் சுற்றப்பட்டும், கறையானுக்கு இரையாகியும் அழிந்தன. அவற்றை இலக்கியமென எவரும் எண்ணாமையே அவ்வழிவுக்குக் காரணம். 2005இலே தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகத் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்துக் காத்து வருகின்றது. அப்பணி முழுமை பெறுவதற்கு ஒவ்வொரு வீட்டின் பரணும் ஒருமுறை இறக்கிப் பார்க்கப்படுதல் வேண்டும்.

குணாட்டியர் ஏடுகளை எரித்தபொழுது மன்னன் வந்து சேரக் காலந்தாழ்ந்தது. அவன் முதலில் அந்நூலை இகழ்ந்ததற்குக் காரணம் அது பேய்மொழியில் எழுதப்பட்டமையே. கேட்டு அழுத விலங்குகள் மொழியின் உயர்வு தாழ்வு நோக்கவில்லை. ஆறு நூறாயிரம் சாம்பலான பின்னரும் எஞ்சிய ஒரு நூறாயிரத்திலிருந்து வேதாளம் தோன்றி, காசுமீரத்திலிருந்து முருங்கை மரத்துக்கும், முருங்கை மரத்திலிருந்து மாத சஞ்சிகைக்கும் வந்து சேர்ந்தது. இன்று பரண்களிலே எஞ்சியுள்ளவை எத்தனையென எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணத் தொடங்குதற்கு இன்னும் காலம் உண்டு.